பிறப்பைத் தடுக்க அரசு, பிறப்பை வேண்டினால் சந்தை: தங்கவயல் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை, ஐதர் அலி பிறந்த ஊர் என்பதாலேயே வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. ஒரு பிறப்பினால் பெயர்பெற்ற அவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் குழந்தைப்பேறு வாய்க்காத தம்பதியர் எதிர்கொள்ளும் கேள்வி எளியதாகத் தோன்றும்: அரசு மருத்துவமனைக்குச் செல்வதா, தனியார் கருத்தரிப்பு மையத்திற்குச் செல்வதா? பணம் இருந்தால் தனியார், இல்லையேல் அரசு என்பது வழக்கமான விடை. அது முழு விடையன்று. இவ்விரு வாயில்களுள் ஒன்று அகலமாகவும் மற்றொன்று குறுகலாகவும் அமைந்ததற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அதன் முதற்பக்கங்களுள் ஒன்று இதே மைசூர் மண்ணில் எழுதப்பட்டது.

தங்கவயலை உள்ளடக்கியிருந்த மைசூர் சமஸ்தானம், 1930 ஜூன் மாதத்தில், தன் மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறக்க ஆணையிட்டது. ஓர் அரசே முன்வந்து நடத்திய கருத்தடை மையங்களுள் உலக அளவில் இவை மிக முந்தியவை. அதே காலப்பகுதியில் தமிழ்நாட்டில் பெரியார், மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் அன்றி, பெண்ணின் விடுதலையின் அடிப்படையில் கர்ப்பத்தடையை வலியுறுத்தி வந்தார். பின்னாளில் அரசுத் திட்டங்களில் வென்றது விடுதலை வாதமன்று, எண்ணிக்கை வாதமே. 1952-இல் இந்தியா தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன. 1977-இல் துறையின் பெயரிலிருந்த ‘திட்டமிடல்’ நீங்கி ‘நலம்’ இடம்பிடித்தது. பெயர் மாறியபோதும், கருவளம் என்றால் கட்டுப்படுத்தப்பட வேண்டியது என்ற பொருள் நிர்வாக மொழியில் நிலைத்துவிட்டது.

பொதுமொழியும் இதற்குத் துணைநின்றது. ‘மலடி’ என்ற சொல் வசையாகவே புழங்கியது. அதன் ஆண்பால் வடிவமான ‘மலடன்’ அகராதியில் இருந்தும் வழக்கில் அருகியே ஒலித்தது. குறை பெண்ணுக்குரியதாகவும், அதனைத் தீர்ப்பது குடும்பத்தின் கடமையாகவும், வழி கோயிலும் வேண்டுதலும் மறுமணமுமாகவும் கருதப்பட்ட சமூகத்தில், குழந்தையின்மையை நோயாகக் கொண்டு அரசிடம் சிகிச்சை கேட்கும் குரல் எழவில்லை. கேட்கப்படாத ஒன்றுக்கு நிதி ஒதுக்கப்படுவதுமில்லை.

இருப்பினும், உடலுக்கு வெளியே கருவூட்டும் ஐ.வி.எஃப். முறை பிறந்த இடம் பொது மருத்துவமனையே. 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தது இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையைச் சேர்ந்த ஓல்டாம் மருத்துவமனையில். அவ்வாய்வுக்கு 1971-இலேயே பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிதி மறுத்திருந்தது. வெற்றிக்குப் பின்னரும் பொதுச்சேவையில் இடம் கிடைக்காமையால், எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் 1980-இல் போர்ன் ஹால் என்ற தனியார் மையத்தைத் தொடங்கினர்.

இந்தியாவிலும் இதே போக்கைக் காணலாம். 1978 அக்டோபரில் கல்கத்தாவில் ஐ.வி.எஃப். குழந்தையைப் பிறப்பித்ததாக அறிவித்த சுபாஷ் முகோபாத்யாய் அரசுப் பணியிலிருந்த மருத்துவர். மாநில அரசு அமைத்த குழு அவரது கூற்றை ஏற்க மறுத்தது. பின்னர்க் கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு மாற்றப்பட்ட அவர், 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். முறையான ஆவணங்களுடன் நிறுவப்பட்ட முதல் பிறப்பு, 1986 ஆகஸ்ட் 6 அன்று பம்பாயின் மாநகராட்சி மருத்துவமனையான கே.இ.எம்.-இல் நிகழ்ந்தது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் அதனைச் சாத்தியமாக்கினர். முகோபாத்யாயின் முன்னுரிமையை 1997-இல் எழுத்துவழி ஏற்று அவருக்கு நியாயம் செய்தவரும் அதே ஆனந்த் குமார்தான். ஆக, அடிப்படை அறிவு பொதுப்பணத்தில் விளைந்தது. அறுவடை வேறு களத்திற்குச் சென்றது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில், மருத்துவர் கமலா செல்வராஜின் தனியார் மருத்துவமனையில் பிறந்தது. அடுத்த முப்பதாண்டுகளில் பெருநகரங்கள் முதல் மாவட்டத் தலைநகரங்கள் வரை தனியார் கருத்தரிப்பு மையங்கள் பெருகின.

அரசால் இதனைச் செய்ய இயலாதா? தமிழ்நாட்டின் ஒரு நிகழ்வு இதற்கு விடை தருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல்கோளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுள் பலர், அதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அவர்களுக்கு இலவசமாகச் செய்யத் தமிழக அரசு முன்வந்தது. தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டாலும் அச்செலவுக்கு உதவியது. அரசின் திட்டத்தால் மூடப்பட்ட வழியை அரசே திறந்தது. மனமிருந்தால் பொதுநிதியை இத்துறைக்குத் திருப்பலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் பேரிடர் வந்தபோது மட்டுமே அம்மனம் வந்தது என்பதற்கும் அதுவே சான்று.

இன்றைய நிதி ஏற்பாடுகளிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 2018-இல் ஏழைக் குடும்பங்களுக்கெனத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, கருத்தரிப்புச் சிகிச்சைகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கியது. மத்திய அரசு ஊழியர்க்கோ, ஐ.வி.எஃப். சுழற்சி ஒன்றுக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுழற்சிகளுக்கு ஈடுசெய்ய 2011-இலேயே ஆணை பிறந்துவிட்டது. குழந்தையின்மை நோயா அன்றா என்ற வினாவுக்கு ஒரே அரசு இருவேறு விடைகளைத் தந்திருக்கிறது. விடையைத் தீர்மானித்தது நோயாளியின் உடலன்று, அவரது உத்தியோகம்.

தங்கவயல் வட்டாரத்தில் இதன் கனம் கூடுதல். சுரங்க நிறுவனம் இயங்கியவரை தொழிலாளர் குடும்பங்களுக்கு அதன் மருத்துவமனை இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காரப்பேட்டையிலிருந்தும் பெங்களூருக்கு விடியுமுன் ரயிலேறுவது பலரின் அன்றாடமாயிற்று. கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் பெரும்பாலும் அதே திசைதான். ஒரு சுழற்சியில் ஏறத்தாழ பத்து நாள் ஊசி, இடையிடையே பலமுறை ஸ்கேன், இறுதி ஊசிக்குப் பின் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் கருமுட்டை எடுத்தல் என ஒவ்வொன்றும் நேரம் தவறக்கூடாதவை. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் ஊதியம். எனவே ‘இலவச’ச் சிகிச்சையும் இலவசமாவதில்லை. பொது மருத்துவமனையில் காத்திருப்பு நீண்டால் இழப்பு பணத்தோடு நிற்பதுமில்லை: 35 வயதுக்குப் பின் கருமுட்டையின் தரம் விரைந்து குறைகிறது. தனியார் மையம் விற்பது சிகிச்சையை மட்டுமன்று, காலத்தையும்தான். நகையையும் நிலத்தையும் அடகுவைத்துப் பலர் வாங்குவதும் அக்காலத்தையே. அதற்குப் பின்னரும் குழந்தை உறுதியன்று.

மாற்றத்தின் அறிகுறிகள் இல்லாமலில்லை. தில்லி எய்ம்ஸ் போன்ற சில பொது நிறுவனங்கள் இச்சேவையை முன்பே தொடங்கின. கோவா அரசு மருத்துவக் கல்லூரி 2023-இல் இலவச ஐ.வி.எஃப். சேவையை அறிவித்தது. 1844-இல் பிரசவ மருத்துவமனையாகத் தொடங்கிய எழும்பூர் நிறுவனத்தில் தமிழக அரசும் கருத்தரிப்பு மையம் அமைக்க முனைந்தது. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் மையங்கள் யாவும் பதிவுபெற வேண்டும் என்கிறது. எனினும் ஒழுங்குபடுத்துவது வேறு, வழங்குவது வேறு. சட்டம் சந்தைக்கு விதிகளைத் தந்தது. சந்தைக்கு வெளியே நிற்பவருக்கு வாயிலைத் தரவில்லை.

பிரிட்டனில் 2004-இல் வெளியான தேசிய வழிகாட்டுதல், தகுதியுடைய பெண்களுக்கு மூன்று சுழற்சிகள் வரை பொதுச்செலவில் அளிக்கப் பரிந்துரைத்தது. நடைமுறையில் அது வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்டது உண்மையே. ஆயினும் எத்தனை சுழற்சி, எந்த வயதுவரை, யார் செலவில் என்ற விவாதம் அங்கே பொதுவெளியில் நிகழ்ந்தது. இங்கே அதே விவாதம் ஒவ்வொரு வீட்டின் உள்ளறையிலும், கணவனும் மனைவியும் கணக்குப் போடும் இரவில், தனித்தனியே நிகழ்கிறது. அரசா தனியாரா என்பதைத் தம்பதியரின் தேர்வு என்று மட்டும் சொல்வது, அவர்களுக்கு முன்பே செய்யப்பட்டுவிட்ட தேர்வை மறைப்பதாகும். குழந்தை வேண்டாம் என்பவருக்குத் தன் மருத்துவமனைக் கதவை 1930-இல் திறந்த மண்ணில், வேண்டும் என்பவருக்கு அக்கதவு எப்போது அதே அகலத்தில் திறக்கும் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.