டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம்

அன்றாட வாழ்வின் சின்னச் சின்னத் தருணங்களில் மகிழ்ச்சியைக் கண்டுகொள்ளுங்கள், இருக்கும் கணத்தில் முழுதாக இருங்கள் என்ற அறிவுரை இன்று எங்கும் கேட்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் தனிமனிதரின் மனத்துக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்: மனம் அடங்கினால் மகிழ்ச்சி வரும், வராவிட்டால் குறை நம்முடையது. வரலாறு இதற்கு ஒத்துப்போவதில்லை. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் நாள்தோறும் அனுபவிக்கும் ஒரு சிறு மகிழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம்: வேலைக்கு நடுவே டீக்கடைக்குப் போய் ஒரு கிளாஸ் டீ குடிக்கும் பத்து நிமிடம். என்றைக்கும் இருந்துவந்ததுபோலத் தோன்றும் இந்த வழக்கத்தின் வயது ஏறத்தாழ நூறு ஆண்டுதான். வணிகம் அதைக் கொண்டுவந்தது; கடைக்காரரும் உழைப்பாளியும் அதைத் தமதாக்கினார்கள்; அதற்கான நேரத்தையும் சமத்துவத்தையும் போராட்டங்கள் பெற்றுத்தந்தன. சிறு மகிழ்ச்சியை உணர்வது மனம் என்றாலும், அதை உண்டாக்கிக் காப்பது பொது வாழ்வு என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

தேயிலை முதலில் நாம் குடிப்பதற்காக இங்கே பயிராகவில்லை. அசாமில் விளைந்த தேயிலை 1839இல் லண்டனில் ஏலம் போனது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடிக்கத் தொடங்கியது, மலையகம் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறியது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. விளைந்தது கப்பலேறிக்கொண்டிருந்தவரை, உள்ளூர்க்காரர்கள் டீ குடிக்கிறார்களா என்று தோட்ட முதலாளிகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏற்றுமதியாகும் தேயிலைமீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தை விளம்பரத்துக்குச் செலவிட 1903இல் சட்டம் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீ விற்கும் ஏற்பாடு பரவியது. ரயில் நிலையங்களில் விற்பவர்களுக்குக் கெட்டிலும் பயிற்சியும் கிடைத்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை சரிந்தபோது, இந்தியரையே வாடிக்கையாளராக்கும் முயற்சி வேகமெடுத்தது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனி முகம் இருந்தது. காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின் பெருமையாக ஏற்கெனவே நிலைபெற்றிருந்ததை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் காட்டியிருக்கிறார். தேநீரோ நகரத்து உழைப்பாளிகளின் பானமாகக் காலூன்றியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். முதலாளிகளின் விளம்பரத்தால் வந்த பழக்கத்தை எப்படி மகிழ்ச்சி என்று கொண்டாடுவது? இந்தக் கேள்வி புதிதல்ல. தேநீரும் காப்பியும் உடலுக்குத் தேவையற்றவை என்று காந்தி எழுதினார். வங்காளத்தில் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் தேநீர்ப் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் விளம்பரம் கற்றுக்கொடுத்த டீயும் நாம் குடிக்கும் டீயும் ஒன்றல்ல. இலையைக் கெட்டிலில் ஊறவைத்து, சிறிது பால் சேர்த்துக் குடிக்கும் ஆங்கிலேயர் முறையையே தேயிலைப் பிரசாரகர்கள் போதித்தார்கள். தூளைக் குறைத்துப் பாலையும் சர்க்கரையையும் கூட்டிய கடைக்காரர்களைக் கண்டித்தார்கள். கடைக்காரர்கள் கேட்கவில்லை. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. கொஞ்சம் தூளிலேயே கடுஞ்சாயம் இறங்கியது. துணி வடிகட்டியில் தூளைப் போட்டு டிகாக்‌ஷன் இறக்கி, கொதிக்கும் பாலில் கலந்து, உயரத் தூக்கி ஆற்றி நுரை கட்டவிடும் முறை எந்தப் பிரசாரகரும் சொல்லித்தந்ததல்ல. விற்க வந்தவர்கள் பொருளைத்தான் கொடுத்தார்கள். அதைக் குடிக்கும் விதத்தை மக்கள் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக்கொண்டு மட்டும் அதன் மதிப்பை அளந்துவிட முடியாது.

அந்த விதத்தில்தான் ‘கணத்தில் இருத்தல்’ குடிகொண்டிருக்கிறது. டீக்கடையில் டீ மொத்தமாகப் போட்டு வைக்கப்படுவதில்லை. கேட்ட பிறகு, கேட்டவரின் கண்முன்னே போடப்படுகிறது. ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு லைட், ஒருவருக்குச் சர்க்கரை கம்மி. வாடிக்கையாக வருகிறவர் வாய் திறக்குமுன்பே மாஸ்டரின் கை அளவைத் தீர்மானித்துவிடும். கைப்பிடி இல்லாத கண்ணாடிக் கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவசரமாகக் குடிக்க முடியாது. ஆறும்வரை நின்றே ஆகவேண்டும். நிற்கும் நேரத்தில் பேச்சு வளர்கிறது. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’ எளிய தமிழில் செய்தி தந்தபோது, அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த முக்கியமான இடம் டீக்கடை பெஞ்சு. ஒருவர் உரக்க வாசிக்க, படிக்கத் தெரியாதவர்களும் கேட்டு விவாதித்தார்கள். ஒரு கிளாஸ் டீயின் விலையில் நாளிதழும் நாலு பேர் துணையும் கிடைத்தன. தியானம் தனிமையைக் கேட்கும். இந்த இடைவேளையின் நிம்மதியோ கூட்டத்தின் நடுவில் கிடைப்பது.

ஆனால் நிற்க நேரம் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைநின்றார். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த முதல் கோரிக்கைகளுள் ஒன்று, மதிய உணவுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவர்களுக்குச் சோற்றின் ருசி தெரிய வாய்ப்பில்லை. அவர்களிடம் போய் மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்வது கொடுமை. அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னும் சில நிமிடங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்று விதித்தது. 250 பேருக்குமேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைக்க உத்தரவிடும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. ஒரு வாய் டீயை நிதானமாகக் குடிக்கும் உரிமைக்குப் பின்னால் சங்கம் கட்டியவர்களின் உழைப்பு இருக்கிறது.

நேரம் கிடைத்த பிறகும் பெஞ்சு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. தலித்துகளுக்குத் தனிக் குவளை, சில இடங்களில் தேங்காய்ச் சிரட்டை; குடித்துவிட்டுத் தானே கழுவி வைக்கவேண்டும்; பெஞ்சில் உட்காரக் கூடாது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் சொன்னது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தது. உணவகப் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் பெரியார் போராட்டம் நடத்தினார். இவ்வளவுக்குப் பிறகும் இரட்டைக் குவளை முறை கிராமங்களில் நீடித்தது. 2000களிலும் அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. ஒரே டீ, ஒரே மாஸ்டர், ஒரே பாய்லர். ஆனால் ஒருவருக்கு இளைப்பாறுதல், மற்றவருக்கு அவமானம். சிறு தருணத்தின் இனிமை அதில் நமக்குக் கிடைக்கும் மரியாதையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேயிலை வந்த வழியிலும் மரியாதை பற்றிய இதே கேள்வி காத்திருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், முன்பணத்தில் சிக்கி மலையேறி, மலேரியாவிலும் அடியிலும் மடிந்த தொழிலாளர்களின் கதையை ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக 1969இல் வெளியிட்டார், இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் அது ‘எரியும் பனிக்காடு’. இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழர்களில் பெரும்பாலோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இதையெல்லாம் நினைத்தால் டீ கசக்காதா, தருணத்தை ரசிக்கச் சொல்லிவிட்டு வரலாற்றைச் சுமக்கச் சொல்லலாமா என்று கேட்கலாம். மறந்தால்தான் ரசிக்க முடியும் என்றால் அது ரசனையாகாது, மயக்கம். கையில் இருக்கும் கிளாஸை முழுக் கவனத்தோடு பார்ப்பது என்றால், அதில் கலந்திருக்கும் கொழுந்து யார் கையால் பறிக்கப்பட்டது என்பதும் அந்தக் கவனத்துக்குள் வந்தாகவேண்டும். அப்படிப் பார்ப்பவரின் மகிழ்ச்சி குறைவதில்லை; அதில் நன்றி சேர்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு: எந்த வசதியும் இல்லாதவரும் மன உறுதியால் நிம்மதி காண்பதில்லையா? காண்கிறார்கள், அவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் அரிய சிலரின் மன வலிமையைக் காட்டி, மற்ற எல்லோரிடமும் நேரத்தையும் இருக்கையையும் பறித்துக்கொள்வது நியாயமாகாது. டீக்கடை பெஞ்சு இன்றும் பெரிதும் ஆண்களின் இடம். பெண்கள் தயக்கமின்றி அமர்ந்து பேசும் கடைகள் குறைவு. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் வந்ததே 2021இல்தான். சிறு மகிழ்ச்சிகளை வளர்க்க விரும்புகிறவர்கள் மூச்சைக் கவனிக்கப் பழகட்டும், தட்டில் இருப்பதை ருசிக்கப் பழகட்டும். அதோடு, தம்மிடம் வேலை செய்கிறவர்களுக்குப் பத்து நிமிடமும் ஒரு நாற்காலியும் கிடைக்கின்றனவா என்றும் பார்க்கட்டும். கிடைக்கவில்லை என்றால், அதைக் கொடுப்பதிலிருந்து தொடங்கட்டும்.