தென்னையும் இறாலும்: ஒரு கரையோரத்தின் இரு வரலாறுகள்

உயிர்த் தொழினுட்பத்தைத் தேசியக் கைத்தொழிலாக வளர்த்தல் வேண்டும், அதற்கு அரசாங்கம் கைகொடுத்தல் வேண்டும் என்று இன்று பலரும் பேசுகின்றனர். ஆயின் அரசாங்கத்தின் கை எதைக் கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று நாம் கேட்டால் பேச்சு அடங்கிவிடுகிறது. இவ்வினாவுக்கு விடை காண அந்நிய நாட்டு அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் வரலாறே போதும். லுணுவில முதல் கற்பிட்டி வரை நீளும் இக்கரையில் உயிரியலை நம்பிய இரு தொழில்கள் அரசின் ஆதரவைப் பெற்றன. ஒன்று தென்னை, மற்றது இறால். இரண்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கொள்ளைநோய் தாக்கியது. அதனை அவை எதிர்கொண்ட விதமோ வெவ்வேறு.

தென்னையின் கதை முந்தியது. 1929 இல் லுணுவிலவிலுள்ள பண்டிருப்புவ தோட்டத்தில் தென்னை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஏழை விவசாயிமேல் கொண்ட பரிவினால் அன்றைய குடியேற்ற ஆட்சி இதனைச் செய்துவிடவில்லை. தோட்ட முதலாளிகளின் இலாபமும் ஏற்றுமதி வருமானமுமே அதன் கண்முன் நின்றன. எனினும் ஏற்றுமதியாகும் தென்னைப் பொருள்கள் மீது விதித்த வரியினாலேயே அந்நிறுவனம் நடந்தது. அதனால் அதன் அறிவு எந்தத் தனியாருக்கும் உடைமையாகவில்லை. சுதந்திரத்தின் பின் 1950 இல் அது தென்னை ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. 1955 இல் அம்பகெலேயில் விதைத்தோட்டம் உருவாயிற்று. அயல் மரங்களின் மகரந்தம் கலவாதபடி காட்டின் நடுவே தனித்து அமைந்த தோட்டம் அது. அறுபதுகளில் தெரிந்தெடுத்த நெட்டை மரங்களின் கலப்பும், குட்டையும் நெட்டையும் சேர்ந்த கலப்பும் விவசாயிகளுக்குக் கிடைத்தன. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு செல்லும். ஒரு கலப்பின் குணத்தை அறியவோ அதனினும் நீண்ட காலம் வேண்டும். அத்தனை காலம் காத்திருக்கும் தனிமூலதனம் எங்கே உண்டு? பொதுப் பணமே காத்திருந்தது. பெருந்தோட்டக்காரனுக்கென்று பிறந்த அறிவு நாலு மரம் வைத்திருந்தவனுக்கும் பயன்பட்டது அதனாலேதான்.

இறாலின் கதை பிந்தியது; அவசரமானது. எழுபதுகளின் பிற்பகுதியில் மட்டக்களப்பில் தொடங்கிய இறால் வளர்ப்பு, எண்பதுகளில் புத்தளம், சிலாபம் பகுதிகளில் வேரூன்றியது. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அதற்குப் பாதை வகுத்தது. வரிவிலக்கு, குத்தகை நிலம், தீர்வைச் சலுகை யாவும் முதலில் பெரிய கம்பனிகளுக்குக் கிட்டின. பின்னர் நடுத்தர முதலாளிகளும் சிறியவர்களும் கடன்பட்டு இறங்கினர். அனுமதி பெறாத பண்ணைகளும் பெருகின. கண்டல் மரங்கள் வெட்டுண்டன. சேற்று நிலங்கள் குளங்களாயின. அந்நியச் செலாவணி வந்தது என்பதையும், பலருக்கு வேலை கிடைத்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் களப்பை நம்பி வலைவீசிய மீனவரின் இழப்பை எந்தக் கணக்கேட்டில் எழுதினார்கள்?

இத்தொழிலின் உயிர்நாடி நீரும் குஞ்சும் ஆகும். முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே பல பண்ணைகள் நீரை இறைத்தன. கழிவு நீரையும் அதிலேயே விட்டன. ஒருவன் கழித்தது அடுத்தவனின் குளத்துக்குள் புகுந்தது. குஞ்சுகளோ கடலில் பிடித்த தாய் இறாலிலிருந்து வந்தன. அத்தாயின் ஒரு கண்ணைக் காம்போடு அகற்றி முட்டையிடத் தூண்டுவர். தாயின் உடலில் நோய்க்கிருமி இருப்பின் குஞ்சும் அதனோடு குளம் சேரும். எண்பதுகளின் இறுதியிலேயே ஒரு வைரசு நோய் எச்சரித்தது. கேட்பாரில்லை. 1996 இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. நோய்க்குறி கண்டு மூன்று முதல் பத்து நாட்களுக்குள் ஒரு குளத்தின் இறால் முழுவதையும் அழிக்கவல்ல நோய் அது. மருந்தில்லை. பெரிய முதல் உடையவன் நட்டத்தைத் தாங்கினான், அல்லது வேறு தொழிலுக்குப் போனான். கடன்பட்டவனுக்கு உப்பேறிய வெறுங்குளம் எஞ்சியது.

அதே 1996 இன் டிசம்பரில், பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை வலயத்திலிருந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. அவர் பின்னே நின்றவர்கள் வயலையும் குடிநீரையும் இழந்த கூலி விவசாயிகள். இக்கேடு எங்கள் கரைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அது சான்று.

மறு ஆண்டே தென்னைக்கும் சோதனை வந்தது. 1997 இன் பிற்பகுதியில் கற்பிட்டியில் ஒரு சிற்றுயிர் முதன்முதலாகக் காணப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத பேனினம் அது. குரும்பையின் தலையில் மூடியிருக்கும் இதழ்களுக்கடியில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். காய் வடுப்பட்டுச் சிறுக்கும். அங்கே மருந்து எளிதில் நுழையாது. ஆனால் லுணுவிலவில் ஏறக்குறைய எழுபதாண்டு பழகிய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அவ்விதழ்களுக்குள் நுழையத்தக்க தட்டையான உடல் கொண்டு, அப்பேனையே தின்று வாழும் மற்றொரு சிற்றுயிரை விஞ்ஞானிகள் நம் தோப்புகளிலேயே கண்டனர். அதனைக் கூடத்தில் பெருக்கித் தோப்புகளில் விட்டனர். பூச்சி முற்றாக ஒழியவில்லை. எனினும் விவசாயி கைவிடப்படவில்லை. அதே நிறுவனத்தார் 2007 இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, கருவுறாத சூலகத்திலிருந்து தென்னையை வளர்க்கும் இழைய வளர்ப்பு முறையையும் வெளியிட்டனர்.

இறாலுக்கு அத்தகைய விஞ்ஞானம் உலகில் இல்லாமலில்லை. நுண்ணிய மரபுப்பொருளைப் பன்மடங்காக்கிக் காட்டும் பீ.சீ.ஆர் முறை 1983 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் வெள்ளைப்புள்ளி வைரசை இனங்காணும் வழியைத் தாய்வான் விஞ்ஞானிகள் 1996 இலேயே வெளியிட்டனர். இல்லாதிருந்தது, அதனை இக்கரைக்குக் கொணர்ந்து ஏழைப் பண்ணையாளனுக்கும் எட்டச் செய்யும் பொது அமைப்பே. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 1998 இல் தான் நிறைவேறியது. அதன் பின்னரே தாய் இறாலையும் குஞ்சையும் சோதித்தல் முறைப்பட்டது. கரையோரத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தார் எப்போது குஞ்சு விடலாம் என வகுக்கும் பயிர்க்காலத் திட்டமும் வந்தது. பண்ணையாளர் சங்கங்கள் ஒப்பிக் கூடி நடந்தாலன்றி அத்திட்டம் செல்லாது. ஒரே கால்வாயின் நீரைப் பகிர்வோர் தனித்தனியே தப்பிக்க முடியாது என்பதை இத்தனை இழப்பின் பின்னரே நாம் கற்றோம்.

இன்று மேற்குப் பசிபிக் கடலைச் சாராத, அமெரிக்கக் கரைக்குரிய வன்னமெய் இறாலும் இங்கு வந்துவிட்டது. நோயற்ற அதன் தாய்வழிகளை வேற்றுநாட்டு நிறுவனங்கள் வளர்த்து விற்கின்றன. விதை பிறன் கையில் இருக்கையில் தொழிலைத் தேசியத் தொழில் என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே அரசாங்கம் உயிர்த் தொழினுட்பத்துக்கு உதவவேண்டும் என்ற கோரிக்கையை நாமும் உரத்து எழுப்புவோம். ஆனால் வரிச்சலுகையை உதவி என்று ஏற்கமாட்டோம். சோதனைக்கூடம் கரையோரத்திலேயே அமைக. அதன் கட்டணம் சிறு பண்ணையாளனின் சக்திக்குள் அடங்குக. தாய்வழி வளர்ப்பு பொது நிறுவனத்தின் பொறுப்பாகுக. களப்பின் மீது மீனவரின் உரிமை முதலில் எழுதப்படுக. உயிரியல் வகுப்பில் பீ.சீ.ஆர் பற்றிப் படிப்பிக்கும் ஆசிரியர், முந்தலில் கைவிடப்பட்ட குளங்களைப் பற்றியும் மாணவருக்குச் சொல்லட்டும். நாளை அக்கூடங்களில் பணியாற்றப் போகிறவர்கள் அம்மாணவர்களே.