முப்பத்தாறு இடம், ஒரு ஓட்டும் விழவில்லை

சண்டை நடக்கிற ஏதாவது ஒரு நாட்டில் தேர்தல் வந்தால், "அமைதிப்படைக்குக் கூடுதல் துருப்புகள்" என்ற செய்தியும் கூடவே வந்துவிடும். படிக்கும்போதெல்லாம் எனக்கு 1988 நவம்பர்தான் ஞாபகம் வருது. அந்த அமைதிப்படையை அனுப்பினது நாமதான்.

எங்க சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் நின்று பார்த்தால் இலங்கை தெரியாது. ஆனால் இந்தக் கடலுக்கும் திருகோணமலைக்கும் பழைய கணக்கு உண்டு. 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயர் ஹ்யூஸும் மோதினார்கள். அடிபட்ட கப்பல்களைச் சரிபார்க்க ஹ்யூஸ் போன இடம் திருகோணமலை. இருநூறு வருஷம் கழித்து அதே ஊர்தான் வடகிழக்கு மாகாண சபையின் தலைநகரம் ஆச்சு. இந்தப் பதிவு அந்தச் சபையைப் பற்றியது.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே இந்தியப் படை பலாலியில் இறங்கியது. ஐ.நா. சபைக்கு இதில் வேலை இல்லை. இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஏற்பாடு. அக்டோபர் 10-ல் புலிகளோடு சண்டை தொடங்கினதும் ஆள்பலம் ஏறிக்கொண்டே போனது. ஒரு டிவிஷனாகப் போன படை 1988-ல் நான்கு டிவிஷன். ஒப்பந்தம் வெற்றி என்று காட்டணும்னா ஒரு தேர்தல் நடந்தாகணும். படை அதற்கும் காவல்.

1988 நவம்பர் 19-ல் தேர்தல். மொத்தம் 71 இடம், வடக்கில் 36, கிழக்கில் 35. புலிகள் புறக்கணிப்பு. வேட்புமனு போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒதுங்கிக்கொண்டது. வடக்கில் மிச்சம் இருந்தது இந்தியாவின் ஆதரவு பெற்ற ஈ.பி.ஆர்.எல்.எஃப்-உம் ஈ.என்.டி.எல்.எஃப்-உம்தான். 36 இடத்தையும் 24, 12 என்று பிரித்துக்கொண்டு போட்டியே இல்லாமல் ஜெயித்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாக்குச்சாவடியைக் காக்க வேண்டிய அவசியமே வரலை!

கிழக்கு வேறு மாதிரி. அங்கே நிஜமான போட்டி இருந்தது. ஈ.பி.ஆர்.எல்.எஃப் 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐ.தே.க. 1. மிரட்டல் அங்கேயும் இருந்தது. ஆனாலும் முஸ்லிம்களுக்குச் சொந்தமாக ஒரு கட்சி, ஒரு வேட்பாளர் இருந்தார். வரிசையில் நிற்க ஒரு காரணம் இருந்தது. ராணுவம் பாதுகாப்பு கொடுத்தால் பலன் இருக்கிற இடம் அதுதான் என்று எனக்குத் தோணுது. வடக்கில் எத்தனை டிவிஷன் போட்டிருந்தாலும் வேட்பாளரை உருவாக்கியிருக்க முடியாது.

டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். மூன்றே மாதத்தில், 1989 பிப்ரவரி 15 அன்று, நாடாளுமன்றத் தேர்தல். இந்த முறை புலிகளுக்கு நெருக்கமாகக் கருதப்பட்ட ஈரோஸ் அமைப்பு சுயேச்சையாக இறங்கியது. விடுதலைக் கூட்டணி, ஈ.பி.ஆர்.எல்.எஃப், ஈ.என்.டி.எல்.எஃப், டெலோ எல்லாம் ஒரே சின்னத்தில் நின்றும் கிடைத்தது 10 இடம். ஈரோஸுக்கு 13. அமிர்தலிங்கமே மட்டக்களப்பில் தோற்று தேசியப் பட்டியல் வழியாகத்தான் உள்ளே போனார். படை அதே படைதான். தேர்ந்தெடுக்க வேறு ஆள் இருந்ததும் முடிவு மாறிவிட்டது.

அதே 1989-ல் நமீபியாவிலும் தேர்தல். அங்கே ஐ.நா. படைக்குத் தளபதி ஓர் இந்தியர், லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். முதலில் திட்டமிட்டது 7,500 வீரர்கள். செலவைக் காட்டி 4,650 ஆகக் குறைத்தார்கள். அவர்களும் நேரத்துக்கு வந்து சேராததால் ஏப்ரல் முதல் நாட்களிலேயே ஸ்வாப்போ போராளிகள் முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதனால் ஆள்பலம் முக்கியமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஸ்வாப்போ, அதன் எதிரிகள் இரண்டு தரப்புமே வேட்பாளர் நிறுத்தினார்கள். ஐ.நா. படை யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கவில்லை. நவம்பரில் 97 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

நம்ம படை அந்த நவம்பரில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பிரேமதாசா ஜூன் மாதமே வெளியேறச் சொல்லியாச்சு. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்திருந்தார்கள். செத்த ஈழத்துப் பொதுமக்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 1990 மார்ச்சில் பெருமாள் இந்தியாவுக்குக் கிளம்பினார். மார்ச் 24-ல் கடைசித் துருப்புகளும் திரும்பின. சென்னைத் துறைமுகத்துக்கு வந்தவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.

வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் முதன்முதலாக ஒரு மாகாண சபைக்கு ஓட்டுப் போட்டது 2013 செப்டம்பர் 21 அன்று.