பழைய பஸ் ஓட்ட நாள்

பழைய பஸ் ஓட்ட நாள் என்பது, சேவையிலிருந்து நீக்கப்பட்ட பின் ஆர்வலர்களால் பேணப்படும் பஸ்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் மீண்டும் வீதிக்கு வந்து பயணிகளை ஏற்றிச் செல்லும் நிகழ்வாகும். இவ்வழக்கம் பிரித்தானியாவில் வேரூன்றியது. அங்கு இன்று அருமையாகக் காக்கப்படும் பஸ் வகைகள் சில, கொழும்பில் அன்றாடச் சேவையிலேயே இரண்டாம் ஆயுளைக் கழித்தவை. ஆகவே இதன் வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு.

கொழும்பில் பஸ்

கொழும்பின் மின்சார ட்ராம் சேவை 1899இல் தொடங்கியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்குமாக இரண்டே பாதைகள் அதற்கு இருந்தன. களனி ஆற்றுக்கு அப்பாலுள்ள வத்தளை, ஹெந்தளைப் பகுதிக்கோ, தெற்கே காலி வீதியிலுள்ள வெள்ளவத்தைக்கோ ட்ராம் செல்லவில்லை. இந்த இடைவெளியைப் பஸ் நிரப்பியது. 1907 முதல் தனியார் பஸ்கள் ஓடின. ஒரே தெருவில் பல முதலாளிகளின் பஸ்கள் பயணிகளுக்காகப் போட்டியிட்டன. 1942இன் அனுமதிப்பத்திரச் சட்டத்தின் பின் அவை கம்பனிகளாகத் திரண்டன. 1948, 1954, 1956 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகள் பஸ் சேவையை அரசுடைமையாக்கப் பரிந்துரைத்தன.

1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. சேர் சிறில் டி சொய்சா தமது பஸ் கம்பனிக்காக ஜேர்மனியிலிருந்து இறக்குமதி செய்த சொகுசு மெர்சிடிஸ் பென்ஸ் பஸ்ஸே அதன் தொடக்கப் பயணத்துக்குப் பயன்பட்டது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்காவும் அதில் கொழும்பைச் சுற்றிவந்தனர். ட்ராம் 1960இலும், 1953இல் வந்த மின்கம்பி பஸ் 1964இலும் நின்றபின், நகர வீதிகளில் டீசல் பஸ்ஸே நிலைத்தது.

இலண்டனிலிருந்து வந்தவை

புதிய சபைக்குக் குறைந்த செலவில் நிறைய பஸ்கள் தேவைப்பட்டன. அதே காலத்தில் இலண்டன் தனது ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்களைக் கழிக்கத் தொடங்கியிருந்தது. 1939 முதல் 1954 வரை, ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. என்னும் உடன்பிறப்பு வகைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 7,000 பஸ்கள் இவ்வகையில் தயாராகின. 56 இருக்கைகள், முன்புறத்தில் சாரதிக்கெனத் தனி அறை, பின்புறத்தில் கதவில்லாத ஏறுதளம் என்பவை இவற்றின் அடையாளங்கள். இலங்கையிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதால், ஏறுதளத்தை இடம் மாற்றாமல் அப்படியே சேவையில் விட முடிந்தது. ஒரு பஸ்ஸின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் வண்ணம் இவை ஒரே அளவில் செய்யப்பட்டிருந்தன. ஓடாத பஸ்ஸின் பாகங்களைக் கழற்றி ஓடும் பஸ்ஸைக் காப்பாற்றுவது டிப்போக்களுக்கு இதனால் எளிதாயிற்று. 1950களின் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்த இப்பஸ்கள், கொழும்பின் இரட்டைத்தட்டு பஸ் காலத்துக்கு உருவம் கொடுத்தன. 1980களின் இறுதியில் ரூட்மாஸ்டர் என்னும் மற்றோர் இலண்டன் வகை பஸ்களும் வந்தன.

1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. ஒற்றைத்தட்டு பஸ்கள் பெருகப் பெருக, இரட்டைத்தட்டு பஸ்கள் வழக்கொழிந்தன.

பேணலும் ஓட்டமும்

இலண்டனில் ஆர்.டி. வகையின் கடைசிச் சேவை 1979 ஏப்ரல் 7ஆம் திகதி முடிந்தது. 2,876 என்ற எண்ணிக்கையில் தயாரான ரூட்மாஸ்டர்கள் வழமையான சேவையிலிருந்து 2005 டிசம்பரில் விலகின. கழிக்கப்பட்டவற்றை ஆர்வலர்கள் வாங்கித் திருத்தினர். நிறுத்திவைத்த பஸ் விரைவில் கெடும் என்பதை அவர்கள் அறிவார்கள்: பிரேக் இறுகும், றப்பர் வெடிக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும். ஆதலால் ஓட்டுவதும் பேணலின் ஓர் அங்கமாகிறது.

ஓட்ட நாளில் பழைய தட எண்களும் ஊர்ப்பெயர்களும் அச்சிட்ட துணிச்சுருள் முகப்பில் சுற்றப்படும். நேர அட்டவணைப்படி பஸ்கள் புறப்படும். நடத்துனர் மணியை ஒருமுறை அடித்தால் நிறுத்தம், இருமுறை அடித்தால் புறப்பாடு. ஆர்.டி. பஸ்ஸில் சாரதி அடுத்த கியரை முன்கூட்டியே தெரிவுசெய்து வைத்து, பின்னர் காலால் மிதித்து மாற்றுவார். இந்த வேலையைத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால், அடுத்த தலைமுறைச் சாரதிகளைப் பழக்கும் களமாகவும் ஓட்ட நாள் அமைகிறது.

இவற்றுள் பெயர்பெற்றது 2009இல் தொடங்கிய இம்பர்பஸ். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், இராணுவப் பயிற்சிக்காக மக்கள் வெளியேற்றப்பட்ட இம்பர் கிராமத்துக்கு வார்மின்ஸ்டரிலிருந்து இந்நாளில் ரூட்மாஸ்டர்கள் ஓடுகின்றன. பிரித்தானிய சாலைகளில் சாதாரண பஸ் சேவை எட்டாத இடத்துக்குப் பழைய பஸ்ஸே வழி என்பது இதன் தனிச்சிறப்பு.

இலங்கையில் பேணல்

இலங்கைப் புகையிரதத்துறை 150ஆவது ஆண்டு நிறைவில், 2014 டிசம்பரில், கடுகண்ணாவையில் அருங்காட்சியகம் அமைத்தது. பழைய நீராவி இயந்திரம் இழுக்கும் வைஸ்ரோய் ஸ்பெஷல் ரயில் 1986 முதல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்தது. பஸ்ஸுக்கு வாய்த்த விதி வேறு. இருந்தவை ஓய்வின்றி உழைத்தன, தேய்ந்தவை உதிரிப்பாகங்களாயின. 1958இன் மெர்சிடிஸ் எஞ்சிய அரிய சான்றுகளுள் ஒன்று. மேல்தளம் திறந்த இரட்டைத்தட்டு பஸ்கள் கொழும்பு நகரச் சுற்றுலாவில் இயங்குவதால், உயரத்திலிருந்து நகரைப் பார்க்கும் அனுபவம் தொடர்கிறது. முழுமையான ஓட்ட நாளுக்கு வேண்டியது இன்னும் ஒரு படி மேல்: திருத்திய பஸ்ஸோடு, அது முன்பு ஓடிய தடமும் அதை ஓட்டத் தெரிந்த சாரதியும் ஒன்றுசேர வேண்டும்.