குழாய்க்குச் சாட்சி சொன்ன பாட்டில்: ஜப்பானிய மாநகரங்கள் குடிநீர் விற்ற வரலாறு

ஒசாகா வட்டார வழக்கில் ‘ஹொம்மாயா’ என்றால் ‘உண்மைதான்’ என்று பொருள். அந்நகரக் குடிநீர்த் துறை 2007இல் தன் குழாய்த் தண்ணீரை அரை லிட்டர் பாட்டிலில் அடைத்து 100 யென்னுக்கு விற்கத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் இது. டோக்கியோ குடிநீர்த் துறை 2004இலேயே ‘டோக்கியோ தண்ணீர்’ என்ற பெயரில் அதே விலைக்கு விற்பனையைத் தொடங்கியிருந்தது. வீட்டுக் குழாயில் அரை லிட்டர் பிடிக்க ஒரு யென்கூட ஆகாது. வீடுதோறும் தண்ணீர் கொடுக்கும் அரசுத் துறை, அதே தண்ணீரைப் பாட்டிலில் விற்றது ஏன்? வருவாய்க்காக அன்று, குழாயின் மேல் மக்கள் இழந்திருந்த நம்பிக்கையை மீட்பதற்காக என்பதே இக்கட்டுரையின் முடிவு.

அந்த நம்பிக்கை காலராவிலிருந்து பிறந்தது. துறைமுகங்கள் வழியே கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் வந்ததால்தான் யோகோஹாமாவில் 1887இலும், ஒசாகாவில் 1895இலும், டோக்கியோவில் 1898இலும் நவீனக் குடிநீர்த் திட்டங்கள் எழுந்தன. மணலில் வடிகட்டிக் குழாய்வழி அனுப்பிய நீர் உயிர்காத்தது. ஆனால் போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சி, அந்த நீரைத் தந்த ஆறுகளையே கெடுத்தது.

பிவா ஏரியிலிருந்து புறப்படும் யோதோ ஆற்றின் கடைமடையில் இருக்கிறது ஒசாகா. மேலே கியோட்டோவின் கழிவுநீரும் அந்த ஆற்றில்தான் கலந்தது. ஏரி நீரைக் குடித்த கியோட்டோவில் 1969இல் பூஞ்சை நாற்றம் எழுந்தது. 1977இல் ஏரியே சிவந்தது. ஊட்டச்சத்து மிகுந்து நுண்பாசி பெருகியதன் விளைவு. கரையோரப் பெண்கள் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளை விட்டுச் சோப்புக்கு மாறும் இயக்கத்தை முன்னெடுத்தார்கள். ஏரி அமைந்திருக்கும் ஷிகா மாகாணம் 1979இல் அத்தகைய தூளுக்குத் தடைச்சட்டம் இயற்றியது. தண்ணீர் வரலாற்றை எழுதுவோர் பொறியாளர்களோடு நிறுத்திவிடக் கூடாது. இந்தப் பெண்களுக்கும் அதில் உரிய இடம் உண்டு.

நாற்றத்துக்குக் காரணமான சேர்மங்களை நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்குகின்றன. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் என்பதே ஜப்பான் அவற்றுக்கு வகுத்த வரம்பு. அவ்வளவு நுண்ணிய அளவையும் மனித மூக்கு கண்டுகொள்ளும். மணல் வடிகட்டியால் அதைத் தடுக்க இயலாது. ஆகவே ஓசோனைச் செலுத்தி அச்சேர்மங்களைச் சிதைத்து, பிறகு நுண்ணுயிர் குடியேறிய கரிப் படுகையின் வழியே நீரைச் செலுத்தும் முறை வந்தது. டோக்கியோவின் கனமாச்சி நிலையத்தில் 1992இல் இது தொடங்கியது. ஒசாகா 2000ஆம் ஆண்டுக்குள் நகர் முழுவதற்கும் இம்முறையில் நீர் வழங்கியது.

இந்த ஆண்டுகளின் வரிசைதான் முக்கியம். டோக்கியோவில் புதிய சுத்திகரிப்பு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பாட்டில் வந்தது. ஒசாகாவில் அப்பணி முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது. நீர் மாறிய பின்னும் பழைய நாற்றம் மக்கள் நினைவில் தங்கியிருந்தது. கையில் எடுத்துச் சுவைத்துப் பார்க்கத்தக்க சான்று தேவைப்பட்டது. 2011இல் ‘ஹொம்மாயா’ மோந்த் செலெக்ஷன் என்னும் பன்னாட்டுத் தர மதிப்பீட்டில் தங்கப் பரிசையும் பெற்றது.

ஆனால் அந்தச் சான்றில் ஒரு குறையும் இருந்தது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். பாட்டிலில் அடைக்கும்போது குளோரினை நீக்கிச் சூடாக்கினார்கள். ஆகவே வாங்கியவர் சுவைத்தது குழாய்த் தண்ணீரை அப்படியே அன்று. விற்பதுதான் ஒரே வழி என்பதும் இல்லை. தென் கொரியாவின் சியோல் நகரம் ‘அரிசு’ என்ற பெயரில் பாட்டிலில் அடைத்த குழாய்நீரை விற்கவில்லை, இலவசமாகவே கொடுத்தது. குழாய்நீரைப் பாட்டிலில் விற்கக் கொரியச் சட்டம் இடம் தரவில்லை.

உண்மையான சோதனை 2011 மார்ச்சில் வந்தது. புகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பின், 22ஆம் தேதி கனமாச்சி நீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் இருந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. மறுநாளே டோக்கியோ நிர்வாகம் அந்த எண்ணை வெளியிட்டு, குழந்தைகளுக்குக் குழாய்நீர் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. குழந்தைக்கு மூன்று என்ற கணக்கில் 2,40,000 பாட்டில்களை வழங்க ஏற்பாடு செய்தது. 24ஆம் தேதி அளவு 79ஆக இறங்கியதும் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. ஏழாண்டுப் பாட்டில் விற்பனை தேடிய நம்பிக்கைக்கு, மறைக்காமல் வெளியிட்ட அந்த ஓர் எண்ணே வலுவான ஆதாரம்.