ஐயமும் அரசும்: மாட்ரிட் குண்டுவெடிப்பின்பின் எழுந்த வினாக்கள்

தொலைவில், மங்கிய ஒளியில், ஓர் உரு தோன்றுகின்றது. அது மரக்கட்டையோ மனிதனோ என்பது காண்பார்க்குத் தெளிவாகவில்லை. அந்நிலையில் அவர் அதனை எச்சொல்லாற் கூறுதல் வேண்டும்? தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இதற்கு விதி வகுத்துள்ளார். திணையில் ஐயம் தோன்றின் இரண்டற்கும் பொதுவாகிய சொல்லாற் கூறுக என்பதும், பாலில் ஐயம் தோன்றின் பன்மையாற் கூறுக என்பதும், ஐயம் நீங்கியவழி 'அஃது அன்று' என மறுக்கும் அன்மைக் கிளவியும் வரும் என்பதும் அவர் கருத்தாம். அன்மைக் கிளவி எச்சொல்லோடு இயைதல் வேண்டும் என்பதில் உரையாசிரியர் தம்முள் வேறுபடுவர். அவ்வேறுபாடு ஈண்டு வேண்டா.

இந்நூற்பாக்களை மாணவர்க்குப் பல்லாண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். இவை சொல்லமைதி ஒன்றே பற்றியன என்று நெடுங்காலம் எண்ணியிருந்ததும் உண்டு. ஸ்பெயின் நாட்டுத் தலைநகராகிய மாட்ரிட்டில் 2004ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தவற்றை ஆராயப் புகுந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன ஓர் அரசையும், தெரிந்த பின்னரும் தெரியாதார்போல் வினவிய சில இதழ்களையும் அவ்வரலாற்றில் ஒருங்கே காண்கின்றோம். அவ்விரண்டற்கும் இடையே நின்ற மக்களின் ஐயம் எத்தன்மையது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

2004 மார்ச்சு 11, வியாழக்கிழமை. காலை 7.37 மணிக்கும் 7.40 மணிக்கும் இடைப்பட்ட மூன்றே நிமிடங்களில், மாட்ரிட் நோக்கி வந்த புறநகர்த் தொடர்வண்டிகள் நான்கில் பத்துக் குண்டுகள் வெடித்தன. அட்டோச்சா நிலையத்தில் ஒன்றும், அதனை அணுகும் வழியில் தெல்லேஸ் தெருவின் ஓரமாக ஒன்றும், எல் போசோ, சாந்தா எவுஹேனியா என்னும் சிறு நிலையங்களில் ஏனைய இரண்டுமாக அவ்வண்டிகள் சிதைந்தன. வேலைக்குச் செல்வோரும் கல்லூரி மாணவரும், ருமேனியாவினின்றும் தென்னமெரிக்க நாடுகளினின்றும் பிழைப்பு நாடி வந்தோரும் அவற்றில் நிறைந்திருந்தனர். இறந்தோர் 191 பேர். காயமுற்றோர் 1,800க்கும் மேற்பட்டோர். நினைவிழந்து கிடந்த பெண்ணொருவர் பத்தாண்டுகள் கழித்து 2014இல் உயிர் நீத்தார்.

நாட்டின் பொதுத்தேர்தலுக்கு அன்று மூன்று நாள்களே இருந்தன.

குற்றம் புரிந்தார் யார் என்பதில் அன்று காலையில் ஏறக்குறைய எல்லாரும் ஒன்றையே எண்ணினர். பாஸ்க்கு மக்களுக்குத் தனிநாடு வேண்டிப் படைக்கலம் ஏந்திய எட்டா என்னும் மறைவியக்கம், 1968 முதல் எண்ணூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றிருந்தது. (அவ்வியக்கம் 2018இல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.) 2003 டிசம்பரில் மாட்ரிட்டின் சாமார்த்தின் நிலையத்துக்கு வரும் வண்டியில் குண்டு வைக்க அதனைச் சார்ந்தோர் முயன்று பிடிபட்டனர். 2004 பிப்ரவரி இறுதியில், ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட வெடிபொருளோடு தலைநகர் நோக்கி வந்த வண்டியொன்றும் அகப்பட்டது. பாஸ்க்கு நாட்டு அரசின் தலைவர் இபர்ரெத்சேயே காலையில் எட்டாவைக் கடிந்து பேசினார். ஸ்பெயினின் உளவுத்துறையும் அன்று எழுதிய குறிப்பில், எட்டாவே செய்திருத்தல் ஏறக்குறைய உறுதி என்றது. ஆகலின் முதலில் எழுந்த எண்ணத்தைக் குற்றம் என்று கூறுதல் இயலாது. அஸ்னார் அரசைக் குறைகூறும் நூல்கள் பலவும் இதனை விரைந்து கடந்து செல்கின்றன. தலைமையமைச்சர் ஹொசே மரியா அஸ்னார் 1995இல் எட்டா வைத்த கார்க்குண்டினின்றும் உயிர் தப்பியவர் என்பதையும் மறத்தல் ஆகாது.

குற்றம் பிறிதோரிடத்தில் தொடங்குகின்றது. நண்பகல் கழிந்து 1.30 மணியளவில் உள்துறை அமைச்சர் ஆன்ஹெல் அசெபெஸ் செய்தியாளர்முன் தோன்றி, எட்டாவே இதனைச் செய்தது என்பதில் ஐயமே இல்லை என்றார். அயல்நாட்டமைச்சர் ஆனா பலாசியோ, எட்டாவே குற்றவாளி என்பதை வாய்ப்பு நேர்ந்தபோதெல்லாம் வலியுறுத்துமாறு தூதரகங்களுக்கு ஆணை அனுப்பினார். ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றம் அன்றே நிறைவேற்றிய 1530ஆம் தீர்மானத்தில் எட்டாவின் பெயர் எழுதப்பட்டது. உலக அமைப்பொன்று, பிணங்கள் அடையாளங் காணப்படும் முன்னரே, குற்றவாளியின் பெயரை எழுதிக் கைச்சாத்திட்டது.

இவற்றினும் சிறியதாகிய ஒரு நிகழ்ச்சியே என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது. 'எல் பாயிஸ்' நாட்டின் பெரிய நாளிதழ். அஸ்னாரின் கட்சிக்கு நட்புடையதும் அன்று. அது நண்பகலில் ஒரு சிறப்புப் பதிப்பு வெளியிட முனைந்து, 'மாட்ரிட்டில் பயங்கரவாதப் படுகொலை' என்று தலைப்பு அமைத்திருந்தது. அப்போது தலைமையமைச்சர் இதழாசிரியர் ஹெசூஸ் செபெரியோவைத் தாமே தொலைபேசியில் அழைத்து, செய்தது எட்டா என்று உறுதி கூறினார். பிற இதழாசிரியர்க்கும் அவ்வாறே பேசினார். தலைப்பு, 'மாட்ரிட்டில் எட்டாவின் படுகொலை' என மாறிற்று. ஐயமுற்றவழிக் கூறவேண்டிய பொதுச்சொல் அவ்விதழாளரிடம் முன்னரே இருந்தது. நாட்டின் தலைவரே சொல்கின்றார் என்பதனால் அதனை நீக்கிச் சிறப்புப் பெயரை வைத்தனர். செபெரியோ பின்னர் இதனை மறையாது எழுதியது போற்றத்தக்கது.

சான்றுகள் அன்றைக்கே வேறு திசை காட்டத் தொடங்கின. அவ்வண்டிகள் வந்த வழியிலுள்ள அல்கலா தெ எனாரெஸ் நிலையத்தின் அருகே, களவாடப்பட்ட ரெனால்ட் காங்கூ வண்டியொன்று காணப்பட்டது. அதனுள் டெட்டனேட்டர்களும், குர்ஆன் ஓதும் ஒலிநாடாவும் இருந்தன. அசெபெஸ் மாலையில் இதனை அறிவித்தார் எனினும், எட்டாவே முதன்மையான ஐயத்துக்குரியது என்னும் நிலையினின்று அசையவில்லை. இலண்டனில் வெளிவந்த 'அல்குத்ஸ் அல்அரபி' என்னும் அரபு நாளிதழுக்கு, அல்கொய்தாவின் பெயரால் பொறுப்பேற்கும் மடலொன்று வந்தது. நள்ளிரவுக்குப்பின், இடிபாடுகளினின்று திரட்டிக் காவல்நிலையத்துக்குக் கொண்டுவந்த பொருள்களிடையே வெடியாத பையொன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த வெடிமருந்து, ஸ்பெயினின் சுரங்கங்களில் வழங்கும் கோமா-2 எக்கோ. எட்டா அக்காலத்துப் பெரிதும் பயன்படுத்திய டிட்டடைன் அன்று. அதனோடு இணைத்திருந்த கைப்பேசியின் சிம் அட்டையைப் பற்றிச் சென்ற காவலர், லவபியெஸ் பகுதியிலுள்ள கைப்பேசிக் கடையை அடைந்தனர். 13ஆம் நாள் பிற்பகலில் ஜமால் சூகாம் முதலியோர் பிடிக்கப்பட்டனர்.

மார்ச்சு 12 மாலை, கொட்டும் மழையில், நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினர். அரசின் கணக்குப்படி அவர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். நாட்டு மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். இறந்தார்க்கு இரங்கவே கூடினர் எனினும், கூட்டத்தினின்று ஒரு வினா எழுந்தது: யார் செய்தது? மறுநாள், தேர்தற்கு முந்திய அமைதி நாளில், கைப்பேசிக் குறுஞ்செய்திகள் வாயிலாக அழைப்புப் பரவி, ஆளுங்கட்சித் தலைமையகத்தின் முன் மக்கள் திரண்டனர். வாக்களிக்கும் முன் உண்மை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவ்விரவில் அரசுத் தொலைக்காட்சி, அறிவித்திருந்த நிகழ்ச்சியை மாற்றி, எட்டாவின் கொலையொன்றைப் பற்றிய படத்தைக் காட்டியது.

மக்களின் இவ்வையம் இரண்டு நாள்களில் முளைத்தது என்று கருதுதல் பொருந்தாது. 2002 நவம்பரில் 'பிரெஸ்டீஜ்' என்னும் எண்ணெய்க்கப்பல் கலீசியக் கடலில் உடைந்தபோது, ஒழுகுவது சிறு சிறு இழைகளே என்று அரசு கூறியதும், கடற்கரை கருமையாய்க் கிடந்ததும் மக்கள் கண்முன் நின்றன. பெரும்பாலோர் எதிர்த்த ஈராக்குப் போரில் 2003இல் நாடு ஈடுபடுத்தப்பட்டது; அதற்குக் காட்டிய காரணமாகிய பேரழிவுப் படைக்கலங்களோ கிடைக்கவில்லை. 2002இன் பொது வேலைநிறுத்தச் செய்தியைத் திரித்தமைக்காக அரசுத் தொலைக்காட்சியை நீதிமன்றம் 2003இல் கண்டித்தது. அக்கண்டனத்தை ஒளிபரப்ப நேர்ந்த செய்தியாசிரியர், வழக்குத் தொடுத்த தொழிற்சங்கத்தின் பெயரை மக்கள் அறிந்தவாறு படியாமல், அதன் சுருக்க எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்துச் சென்றார். நாடே அதனைக் கேட்டு நகைத்தது. பெயரைச் சொல்லியும் சொல்லாமல் விடும் இக்கலை நம் நாட்டுச் செய்தியாளர்க்கும் புதிதன்று.

எனினும் அரசை ஐயுற்றார் பக்கத்தேயும் பிழை நேர்ந்தது. 11ஆம் நாள் இரவு 'செர்' வானொலி, வண்டியொன்றில் தற்கொலைப் போராளியின் உடல் கிடைத்தது என்று செய்தி வெளியிட்டது. அவ்வாறு ஓர் உடல் இருந்ததே இல்லை. திசை சரியாக இருந்தமையால் அப்பொய் பலரால் மன்னிக்கப்பட்டது. மன்னித்தது முறையோ என்பது வேறு.

14ஆம் நாள் தேர்தலில், முற்கணிப்புகளில் முந்தியிருந்த ஆளுங்கட்சி 350 இடங்களுள் 148 பெற்றுத் தோற்றது; சாபத்தேரோவின் சோசலிசக் கட்சி 164 பெற்றது. வாக்களித்தோர் தொகை 2000ஆம் ஆண்டினும் மிக்கிருந்தது. முடிவை மாற்றியது குண்டோ, மறைப்போ என்னும் வினா அங்கு நெடிது பேசப்பட்டது.

வரலாற்றின் பிற்பகுதி இன்னும் கசப்பானது. 2004 ஏப்ரலில், லெகனெஸ் என்னும் புறநகர் வீட்டில் சூழப்பட்ட எழுவர் தம்மைத் தாமே வெடித்து மாய்த்துக்கொண்டனர். காவலர் ஒருவரும் இறந்தார். வெடிமருந்து அஸ்தூரியாஸ் பகுதிச் சுரங்கத்தினின்று வந்ததும், அதனை விற்றவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளியாகிய சுவாரெஸ் திராசோர்ராஸ் என்பதும் வெளிப்பட்டன. சான்றுகள் இவ்வாறு குவிந்துகொண்டிருக்கையில், 'எல் முண்டோ' நாளிதழும் அதனோடு ஒத்த கருத்துடைய வானொலியினரும் எழுத்தாளரும் வேறொரு கதையை நெய்யத் தொடங்கினர். வெடியாத பை காவலரால் வைக்கப்பட்டது என்றனர். எட்டாவின் கை மறைக்கப்படுகின்றது என்றனர். ஆதரவாளர் திங்கள்தோறும் 11ஆம் நாளில் கூடி, 'உண்மையை அறிய விரும்புகின்றோம்' என முழங்கினர். சொல்லளவில் இது மார்ச்சு 13இல் மக்கள் எழுப்பிய கோரிக்கையே. இரண்டும் ஒன்றாமோ?

இரண்டு சான்றுகள் போதும். 2006 மே மாதத்தில், காங்கூ வண்டியில் 'மோந்திரகோன்' குழுமத்தின் அட்டை இருந்தது என்று 'எல் முண்டோ' எழுதிற்று. மோந்திரகோன் பாஸ்க்கு நாட்டு ஊர். கூட்டுறவுத் தொழில்களுக்குப் பெயர்பெற்றது. ஆகவே எட்டாவுக்கு வழி கிடைத்தது என்பது குறிப்பு. உண்மையில் வண்டியில் இருந்தது 'ஓர்க்கெஸ்தா மோந்திரகோன்' என்னும் இசைக்குழுவின் பாட்டு ஒலிநாடா. அவ்வாண்டு செப்டம்பரில், குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவர் வீட்டில் போரிக் அமிலம் கிடைத்ததும், முன்னர் எட்டாவினர் வீடொன்றிலும் அது கிடைத்திருந்ததும் பெருஞ்செய்தி ஆக்கப்பட்டன. கரப்பான் பூச்சிக்கு வைப்பதும் அப்பொடியே. நம் வீடுகளில் கேரம் பலகையின்மேல் தூவுவதும் அதுவே என்பதை எண்ணுங்கால், சிரிப்பதா வருந்துவதா என்பது தெரியவில்லை.

மார்ச்சு 13இல் வினவினார், விடை கிடைத்தால் ஏற்கும் நிலையில் இருந்தனர். 'எட்டா அன்று' என்னும் அன்மைக் கிளவியை அரசின் வாயினின்று கேட்க அவர் காத்திருந்தனர். பின்னவர்க்கோ ஒவ்வொரு விடையும் சூழ்ச்சிக்குப் புதிய சான்றாயிற்று. ஆய்வகம் கூறின் ஆய்வகமும், காவலர் கூறின் காவலரும், நீதிபதி கூறின் நீதிபதியும் சூழ்ச்சியுட் சேர்க்கப்பட்டனர். நம் அளவை நூலார் ஐயம் வேறு, திரிபு வேறு என்பர். ஐயம் இருபாலும் நோக்கித் தெளிவை நாடுவது, திரிபு ஒன்றனை மற்றொன்றாகவே துணிந்து கொள்வது. ஐயத்தின் உடையணிந்து வந்த திரிபு என இதனைக் கூறலாம். எனினும் அரசின்மேல் இதன் பழியில் ஒரு பங்கு உண்டு. ஐயமே இல்லை என்று முதல்நாள் கூறியதை வெளிப்படையாக மறுத்துரைக்க அஸ்னாரும் அவரைச் சார்ந்தோரும் முன்வரவில்லை. 2004 நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் பதினொரு மணி நேரம் பேசிய அஸ்னார், இதனைத் திட்டமிட்டவர் தொலைநாட்டுப் பாலைகளிலோ மலைகளிலோ இல்லை என்று பொருள்படக் கூறினார். அக்குறிப்பு எட்டாக் கதைக்கு ஆண்டுகள் பலவற்றுக்கு உணவளித்தது.

அக்குழுவின்முன் அடுத்த மாதம் பிலார் மன்ஹோன் என்னும் அம்மையார் வந்தார். குண்டுவெடிப்பில் மகனை இழந்தவர்; பாதிக்கப்பட்டோர் சங்கம் ஒன்றன் தலைவி. கட்சிகள் ஒன்றையொன்று வெல்லவும், கைதட்டவும், நகைக்கவும் அவ்விசாரணையைப் பயன்படுத்தியதை அவர் முகத்துக்கு நேரே கண்டித்தார். எதைக் கண்டு நகைத்தீர்கள் என்று உறுப்பினரை வினவினார். சிதைந்த உடல்களின் படங்களை மீண்டும் மீண்டும் காட்டும் ஊடகங்களை, நிறுத்துமாறு வேண்டினார். இருபுறத்தாரும் அவையில் தலைகுனிந்திருந்தனர் என்பர். ஆயினும் எட்டாக் கதையை ஏற்க மறுத்ததற்காக அவர் பின்னாளில் பட்ட வசைகள் பல. பாதிக்கப்பட்டோர் சங்கங்களே இக்கதையால் இரண்டுபட்டன.

2007 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. நீதிபதி ஹவியேர் கோமெஸ் பெர்முதெஸ் தலைமை தாங்கினார். எட்டா பற்றிய வாதங்களையும் மன்றம் ஒதுக்காது கேட்டது. வெடிமருந்தை மீண்டும் ஆராய நிபுணரை அமர்த்தியது. அவ்வாய்வில், கோமா-2 எக்கோவுக்கு உரியவல்லாத பொருள்களின் சுவடுகளும் தென்பட்டன. வெடிமருந்து முழுவதும் அல்லது அதன் பெரும்பகுதி அஸ்தூரியாஸ் பகுதிச் சுரங்கத்தினின்று வந்தது என்னும் அளவிலேயே மன்றம் நின்றது. அக்டோபர் 31இல் தீர்ப்பு வெளிவந்தது. 28 பேருள் 21 பேர் குற்றவாளிகள் எனவும், எட்டாவின் தொடர்புக்குச் சான்று இல்லை எனவும் அது கூறிற்று. வெடிமருந்து விற்றவரும், ஒற்றர் தலைவர்க்குச் செய்தி தந்த மற்றொருவரும் காவற்படையினரோடு முன்னரே தொடர்புடையவர் என்பதும் வழக்கில் மறையவில்லை. எச்சரிக்கை கிடைத்தும் ஏன் தடுக்கவில்லை என்னும் அவ்வினாவே உண்மையில் அரசை நோக்கி எழுந்திருக்க வேண்டியது. சூழ்ச்சிக் கதையின் ஆரவாரத்தில் அது கேட்பாரின்றிப் போயிற்று.

திட்டமிட்டுத் தூண்டியவர் என்று மூவர்மேல் வழக்கு இருந்தது. அவர்மேல் அக்குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மன்றம் விடுத்தது. அவருள் இருவர் வேறு குற்றத்துக்குத் தண்டம் பெற்றனர். பாதிக்கப்பட்டோர் பலர் அன்று மனம் வருந்தி வெளியேறினர். தீர்ப்பின் அவ்விடத்தில், தூண்டியவர் எனப் பிறிதொருவர் பெயரை நீதிபதிகள் எழுதவில்லை.