ஆசிரியர் கற்ற உளவியலும் மாணவர் கல்லாத உளவியலும்: ஒரு வரலாற்று நோக்கு

மனத்தின் இயக்கத்தையும் மனிதரின் நடத்தையையும் முறைப்படி ஆராயும் உளவியல், தமிழகப் பள்ளிக் கல்விக்குள் வெகுகாலத்துக்கு முன்பே நுழைந்துவிட்ட போதிலும், அது பெரும்பாலும் ஆசிரியர் கற்க வேண்டிய துறையாக இருந்து வந்ததே தவிர, மாணவர் கற்கும் பாடமாகப் பரவலாக வேரூன்றவில்லை. பள்ளி மாணவர் உளவியலால் ஆராயப்படும் பொருளானாரே அன்றி, அதைப் பயில்பவராக ஆகவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம். மனநோயோடு தொடர்புடைய வழிபாட்டு மரபு ஒன்றை நெடுங்காலமாகப் பேணிவரும் சங்கரன்கோவில் போன்ற ஊரை மனத்தில் கொண்டு நோக்கினால், இந்த இடைவெளியின் பொருள் தெளிவாகும்.

2019 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் அதன்பின் தென்காசி மாவட்டத்திலும் அமைந்த சங்கரன்கோவிலில், சங்கரநாராயணர் திருக்கோயிலின் கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னே ஸ்ரீசக்கரம் பதிக்கப்பட்ட சிறு குழி ஒன்று உள்ளது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த வேலப்ப தேசிகரோடு தொடர்புபடுத்தப்படும் இவ்விடத்தில், மனம் பேதலித்தோரை அமர்த்தி வேண்டினால் குணமாகும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பூசிக்கொள்வதும், ஆடித்தபசு நாள்களில் குடும்பத்தோடு வந்து நேர்ச்சை செலுத்துவதும் இவ்வழிபாட்டு மரபின் பகுதிகளே. மனத்துன்பம் என்பது மறைத்து வைக்கப்படாமல், உறவினர் சூழப் பொதுவிடத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடாகவும் இதனைக் கருதலாம்.

நவீன உளவியல் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த வழி முற்றிலும் வேறானது. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்கு, அதாவது ஆய்வகச் சோதனைகளின் வழியே மனச்செயல்களை அளந்தறியும் பிரிவுக்கு, ஒரு துறை தொடங்கப்பட்டது. 1924இல் மைசூரில் எம். வி. கோபாலசாமியும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸும் இத்துறைக்கு அடித்தளம் இட்டனர். எனினும் சிற்றூர்களை உளவியல் எட்டியது பல்கலைக்கழகத்தின் வழியாக அன்று, ஆசிரியப் பயிற்சியின் வழியாகவே ஆகும். சென்னையில் 1856இல் தோன்றிப் பின்னர் சைதாப்பேட்டைக்கு மாறிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் மரபில் வளர்ந்த பயிற்சி நிறுவனங்கள், நினைவு, கவனம், பழக்கம், ஊக்கம் ஆகியவற்றை விளக்கும் கல்வி உளவியலை நாளடைவில் கட்டாயப் பாடமாக்கின. தெற்கே, 1950இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி போன்றவை அதே பணியைத் தொடர்ந்தன. காரைக்குடி அழகப்பா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய ந. சுப்புரெட்டியார் தமிழில் எழுதிய உளவியல் நூலும் கல்வி உளவியலையே பொருளாகக் கொண்டிருந்தமை, தமிழில் இத்துறைக்கு அமைந்த முதன்மை வாசகர் யார் என்பதை உணர்த்துகிறது.

மாணவருக்கே உளவியலைக் கற்பிக்கும் எண்ணம் எழாமல் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, உயர்நிலைக் கல்வியை மானுடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளாக விரிக்கப் பரிந்துரைத்தபோது, மானுடவியல் பிரிவின் விருப்பப் பாடங்களுள் ஒன்றாக உளவியலையும் தருக்கவியலையும் இணைத்து வைத்தது. மாணவரின் திறனறிந்து படிப்பையும் தொழிலையும் தேர்ந்தெடுக்கத் துணைபுரியும் வழிகாட்டுப் பணியையும் அக்குழு வலியுறுத்தியது.

ஆனால் பரிந்துரை ஏட்டில் இடம்பெறுவதும் வகுப்பறையில் நிலைபெறுவதும் வெவ்வேறு. ஒரு பாடம் பள்ளியில் நிலைக்க, பாடநூல், பாடப்பிரிவு, அதைக் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின், பொறியியல், மருத்துவம், வணிகவியல் ஆகிய படிப்புகளுக்கு வழிவிடும் பிரிவுகளே பள்ளிகளில் பெருகின. உயர்கல்விச் சேர்க்கையையும் வேலைவாய்ப்பையும் கருதியே பெற்றோர் பிரிவைத் தேர்ந்தமையால், உளவியலுக்குக் கேட்பார் குறைவாகவே இருந்தனர்.

இதற்கு நேர்மாறாக, ஆசிரியர் உளவியல் கற்க வேண்டும் என்னும் கட்டாயம் மேலும் இறுகியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தமிழகத்தில் 2012இல் முதன்முதலாக நடைபெற்ற ஆசிரியர் தகுதித் தேர்வில், 150 மதிப்பெண்களுள் 30 மதிப்பெண்கள் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் என்னும் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. பியாஜேயின் அறிவு வளர்ச்சிப் படிநிலைகளும், தூண்டலுக்கும் துலங்கலுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் பாவ்லவின் கோட்பாடும், தேர்வுக்கு ஆயத்தமாகும் பல்லாயிரம் இளைஞர் மனனம் செய்யும் செய்திகளாயின.

மாணவருக்கான உளவியல் நடைமுறையில் காணப்படுவது பெரிதும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலேயே ஆகும். அங்கு 11, 12ஆம் வகுப்புகளில் அது விருப்பப் பாடமாக உள்ளது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தழுவி, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டி வெளியிட்ட பாடநூல்கள், ஆளுமை, மன அழுத்தத்தை எதிர்கொள்ளல், உளக் கோளாறுகள், உளச்சிகிச்சை, மனப்பான்மை, குழு நடத்தை ஆகியவற்றை முறையாக விளக்குகின்றன. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்களும், உளச்சோதனைகளை நடத்திப் பதிவு செய்யும் செய்முறைக்கு 30 மதிப்பெண்களும் வழங்கப்படுகின்றன. ஆயினும் இந்நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் வெளிவந்தவையாதலால், தமிழ்வழியில் பயிலும் சிற்றூர் மாணவருக்கு இவை எளிதில் எட்டுவதில்லை.

இந்த இடைவெளியின் விளைவை வழிபாட்டிடங்களின் அண்மை வரலாறு உணர்த்துகிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காப்பகம் தீப்பற்றியதில், தப்பியோட இயலாத 28 பேர் மாண்டனர். அதற்கு மறு ஆண்டே, இரகுராமும் உடனாய்வாளர்களும் தென்தமிழகத்து முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, மருந்தின்றி அங்குத் தங்கிய சில வாரங்களில் அவர்களது நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டு, பரிவான சூழலே அதற்குக் காரணமாகலாம் எனக் கருதியது. நம்பிக்கை சார்ந்த ஓரிடம் ஆறுதல் தரவும் கூடும், கொடுமைக்குக் களமாகவும் கூடும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

அவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவு, மனநோயரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதா, சன்னிதியில் அமர்த்துவதா, இரண்டையும் செய்வதா என முடிவெடுக்கும் குடும்பத்துக்கே முதலில் தேவைப்படுகிறது. தகுதித் தேர்வோடு நின்றுவிடும் உளவியலால் அக்குடும்பத்தை எட்ட இயலாது. அவ்வீட்டுப் பிள்ளை தமிழில் படிக்கும் பாடமாக அது மாறும்போதுதான், 1953இல் முன்மொழியப்பட்ட எண்ணம் தனக்குரிய பயனை அடையும்.